எந்தப் பக்கத்து ஸ்ட்ரைக்?

போடிநாயக்கனூரில் நாளைக்கு ஸ்ட்ரைக் என்று பேச்சு வந்தால், முதலில் எழும் கேள்வி எதற்காக என்பதல்ல, எந்தப் பக்கம் என்பதுதான். ஊர் இருக்கும் இடம் அப்படி. கிழக்கே 15 கிலோமீட்டரில் தேனி, அதைத் தாண்டி ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை. அந்தத் திசையில் ஓடுவது பெரும்பாலும் அரசுப் போக்குவரத்துக் கழகத்துப் பஸ். அது நின்றால் தொழிற்சங்கங்கள் நிறுத்தியிருக்கின்றன. மேற்கே முந்தல் சோதனைச்சாவடியைக் கடந்தால் மலைச்சாலை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 26 கிலோமீட்டரில் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜாக்காடு, உடும்பஞ்சோலை என்று ஏலத்தோட்டங்கள். அந்தத் திசையில் ஆளை ஏற்றிப்போவது பெரும்பாலும் ஜீப். அது நின்றால் ஏதோ ஒரு கட்சியோ முன்னணியோ ஹர்த்தால் சொல்லியிருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இந்த ஊர்க்காரருக்கு வேலைநிறுத்த நாளில் பயணம் திட்டமிடுவது என்பது, சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் செய்வதுபோல மாற்று வண்டி தேடுகிற காரியம் மட்டும் அல்ல. மலைக்கு மாற்று வண்டி என்று ஒன்று கிடையாது. இருப்பது மாற்று நாள்தான்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தச் சரிவுகளின் போக்குவரத்தை நிறுத்திய வேலைநிறுத்தங்களையும் ஹர்த்தால்களையும் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அதிக நாள் நீடித்ததோ, நாடு முழுவதும் நடந்ததோ இங்கே அதிகச் சேதம் செய்யவில்லை. சொல்லாமல் வந்தவைதான் செய்தன. மாதக்கணக்கில் முன்பே தேதி குறிக்கப்பட்ட பொது வேலைநிறுத்தம், எவ்வளவு முழுமையாக நடந்தாலும், ஒரு விடுமுறை நாளைப்போலக் கடந்து போயிருக்கிறது. முந்தின நாள் ராத்திரி அறிவித்த ஹர்த்தால், பாதி வெற்றிதான் என்றாலும், கூலியையும் காயையும் மருத்துவமனைத் தேதியையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறது. ஆகவே பயணி கேட்க வேண்டியது வேலைநிறுத்தம் கூடாது என்பதல்ல. முன்கூட்டியே, தனக்குப் புரியும் மொழியில், தன் காதுக்கு எட்டும்படி சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான். இது சின்னக் கோரிக்கைபோலத் தெரியும். சட்டப் புத்தகத்தில் இதற்கு ஏற்கெனவே இடமும் இருக்கிறது. நடைமுறையில்தான் இல்லை.

கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 2018 ஜனவரி 4 மாலை, சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முறிந்ததும் தமிழகமெங்கும் பஸ்கள் நின்றன. அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்க வேண்டும் என்றன தொழிற்சங்கங்கள், அரசு 2.44 என்றது. இந்த இடைவெளிக்குப் பின்னால் பழைய கசப்பும் இருந்தது. தங்கள் சம்பளத்தில் பிடித்த வைப்புநிதிப் பணத்தையே கழகங்கள் எடுத்துச் செலவழித்துவிட்டன, ஓய்வுபெற்றவர்களுக்குச் சேர வேண்டியது ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது என்பது சங்கங்களின் குற்றச்சாட்டு. அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பஸ் நின்றது சாயங்காலம். காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளம்பிப் போனவர்கள் திரும்பி வரும் நேரம். போகவே கூடாது என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள். போன பிறகு தெரிந்து என்ன செய்வது? மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபன் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டு, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 11இல் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. அதே மாதம் 20ஆம் தேதி பஸ் கட்டணம் கடுமையாக உயர்ந்தது என்பது பயணிக்குக் கிடைத்த பொங்கல் இனாம்.

அந்த எட்டு நாளில் போடிக்கு ரயில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1928இல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, இரண்டாம் உலகப் போரின்போது பிடுங்கப்பட்டு, 1950களில் மறுபடியும் போடப்பட்டு, 2010 டிசம்பர் கடைசியோடு அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே மாதம்; போடிக்கு வந்தது 2023 ஜூன் 15இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இந்த ஊர் பஸ்ஸை மட்டுமே நம்பியிருந்தது. இப்போதுதான் ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது எந்த வேளைக்கு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். 2023இல் தொடங்கிய அட்டவணை, காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வந்து மாலையில் மதுரைக்குத் திரும்புவது. மதுரைக்காரர் போடிக்கு வந்து வேலை முடித்து அன்றே வீடு திரும்ப அது உதவும். போடிக்காரர் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் சாயங்காலம் கிளம்பி, ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் வேலை முடித்து, மூன்றாம் நாள் காலையில் ஏற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஓடும் சென்னை ரயிலும் இரவில் கிளம்புவதுதான். பஸ் ஸ்ட்ரைக்குக்கு மாற்று ரயில் என்ற வாதம் தண்டவாளத்தைப் பார்த்துச் சொல்வது; கால அட்டவணையைப் பார்த்துச் சொல்வது அல்ல.

இனி மேற்குப் பக்கம். 2019 ஜனவரி முதல் இரண்டு வாரங்களை ஒரு பாடமாகவே வைக்கலாம். ஜனவரி 2 அதிகாலை இரண்டு பெண்கள் சபரிமலையில் தரிசனம் செய்தார்கள். அன்றே சபரிமலை கர்ம சமிதி மறுநாள் மாநிலம் முழுக்க ஹர்த்தால் என்றது. ஜனவரி 3இல் கேரளம் நின்றது. பல இடங்களில் கல்வீச்சும் நடந்தது. ஐந்து நாள் கழித்து ஜனவரி 8, 9 தேதிகளில் மத்தியத் தொழிற்சங்கங்களின் நாடு தழுவிய இரண்டு நாள் வேலைநிறுத்தம். அதிலும் கேரளத்தில் வண்டி ஓடவில்லை. கணக்குப்படி இரண்டாவது நிறுத்தம் முதலாவதைவிட இரண்டு மடங்கு நீளம். ஆனால் அதன் தேதி எல்லோருக்கும் வெகுநாளாகத் தெரியும். தோட்டக்காரர் காய் எடுப்பை முன்னே பின்னே தள்ளி வைத்துக்கொள்ளலாம். கங்காணி அந்த இரண்டு நாளுக்குக் கீழே காட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். ஜனவரி 3க்கு அப்படி எதுவும் செய்ய வழியில்லை. விடியற்காலையில் ஜீப்புக்குக் கிளம்பும் வீட்டில் முந்தின ராத்திரிச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தால் அது அதிர்ஷ்டம். இந்த வித்தியாசத்தை நீதிமன்றமும் கவனித்தது. ஜனவரி 7இல், சரியாக இந்த இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில், ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் நடத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

உத்தரவு எவ்வளவு தூரம் நடந்தது? ஒன்றரை மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. காசர்கோடு மாவட்டம் பெரியாவில் இரண்டு இளைஞர் காங்கிரஸ் தொண்டர்கள் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பிப்ரவரி 18இல் நள்ளிரவு தாண்டி ஹர்த்தால் அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தானாகவே அவமதிப்பு வழக்கு எடுத்தது. அறிவித்த இளைஞர் காங்கிரஸ் தலைவர் டீன் குரியாக்கோஸ் அந்த ஆண்டு மே மாதமே இடுக்கித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், பெரிய வித்தியாசத்தில். கொலையின் அதிர்ச்சியில் எழுந்த கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நள்ளிரவு ஹர்த்தால் ஒரு அரசியல்வாதிக்குத் தேர்தலில் எந்த விலையும் வைப்பதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஹர்த்தாலால் நாள்கூலி இழக்கும் சில்லமரத்துப்பட்டிக்காரரும் ராசிங்காபுரத்துக்காரரும் தேவாரத்துக்காரரும் இடுக்கித் தொகுதியில் ஓட்டுப் போடுவதில்லை. அவர்கள் ஓட்டு தேனியில். நிறுத்துகிறவர் ஒரு மாநிலம், நின்றுபோகிறவர் இன்னொரு மாநிலம். தமிழகப் பஸ் ஊழியர் நிறுத்தினால், கோபப்படும் பயணியின் கோபம் தமிழக அரசைப் போய்ச் சேரும். அதனால்தான் அந்த வேலைநிறுத்தத்துக்கே பலம். ஹர்த்தாலில் போடிக்காரர் கோபம் யாரையும் போய்ச் சேர்வதில்லை.

இரண்டு பக்கமும் சேர்ந்தே நின்ற நாளும் உண்டு. 2024 ஜனவரி 9. தமிழகத்தில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்களின் அகவிலைப்படி நிலுவை, புதிய சம்பள ஒப்பந்தம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக சி.ஐ.டி.யு., அண்ணா தொழிற்சங்கப் பேரவை முதலான சங்கங்கள் அன்று வேலைநிறுத்தம் தொடங்கின. அதே நாள், நிலப் பட்டாச் சட்டத் திருத்த மசோதாவில் கையெழுத்திடாமல் வைத்திருந்த ஆளுநர் ஆரிப் முகமது கான் ஒரு வியாபாரிகள் சங்க விழாவுக்குத் தொடுபுழா வருகிறார் என்று இடது முன்னணி இடுக்கி மாவட்டத்தில் ஹர்த்தால் நடத்தியது. ஒன்றுக்கொன்று துளிகூடத் தொடர்பில்லாத இரண்டு சச்சரவுகள் போடிமெட்டின் இரு பக்கமும் ஒரே செவ்வாய்க்கிழமையில் வந்து உட்கார்ந்தன. நான்கு நாள் முன்புதான், ஜனவரி 5இல், அகலப்படுத்திய மூணாறு–போடிமெட்டு நெடுஞ்சாலையை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி திறந்து வைத்திருந்தார். சாலை புதிது, போவதற்குத்தான் வண்டி இல்லை. ஆனாலும் அந்த நாளை ஊர் பெரிய துயரமாக நினைவில் வைக்கவில்லை. இரண்டுமே முன்பே அறிவிக்கப்பட்டவை. கீழே ஆளுங்கட்சிச் சங்கமான தொ.மு.ச. சேரவில்லை, பஸ்களும் பெரும்பாலும் ஓடின. மறுநாளே உயர் நீதிமன்றத்தில் பொங்கலைக் காரணம் காட்டி 19ஆம் தேதி வரை நிறுத்திவைப்பதாகச் சங்கங்கள் ஒப்புக்கொண்டன. இரட்டை நிறுத்தம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். நடந்தபோது ஒற்றை நள்ளிரவு ஹர்த்தால் அளவுக்குக்கூட அது வலிக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எல்லை வேறு என்றால் கணக்கும் வேறு என்பதற்கு 2022 மார்ச் 28, 29 இன்னொரு உதாரணம். ஒரே நாடு தழுவிய வேலைநிறுத்தம்தான். கேரளத்தில் இரண்டு நாளும் முழுக்க நடந்தது. தமிழகத்தில் முதல் நாள் பஸ்கள் பெருமளவு நின்றன. இரண்டாம் நாள் வழக்கம்போல ஓடின. அன்று மதுரையில் பஸ் ஏறியவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துப் போடிமெட்டு வரை வரலாம். அதற்குமேல் போக முடியாது. 2025 ஜூலை 9 வேலைநிறுத்தத்திலும் கேரளம் நின்றது, தமிழகம் ஓடியது. ஹர்த்தால் நாட்களில் தமிழகப் பஸ்கள் மெட்டுவரை, குமுளி எல்லைவரை என்று ஓடித் திரும்புவது இங்கே பழகிப்போன ஏற்பாடு. வெளியூர்ப் பயணி இதைத் தெரிந்து வைத்திருப்பதில்லை. மூணாறுக்குச் சுற்றுலா போகிறவர் தமிழ்ச் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். அவர் பார்த்திருக்க வேண்டியது மலையாளச் செய்தி.

ஏலக்காய் ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு பொறுமையற்றது என்பதைச் சொல்ல வேண்டும். ஏலச்செடியில் காய் எல்லாம் ஒன்றாக முற்றுவதில்லை. ஆடி ஆவணி தொடங்கி தை மாசி வரை, 30 முதல் 45 நாளுக்கு ஒரு முறை சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். பதம் தவறினால் காய் பழுத்து வெடிக்கும். வெடித்த காய்க்கு விலை இல்லை. எடுத்த காயைத் தேக்கி வைக்கவும் முடியாது. தாமதமில்லாமல் ஸ்டோரில் போட்டு உலர்த்த வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையில் ஒரு நாள் எடுப்பு தவறினால் தோட்டக்காரருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட அதிக நேரம் வேண்டாம். ஆனால் தோட்டக்காரர் இரண்டு நாள் கழித்து எடுத்து நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. காய் எடுக்கும் பெண்ணுக்குப் போன கூலி போனதுதான். இறக்கிக் கொண்டுவந்த காயைப் போடியில் ரகம் பிரித்துப் பொறுக்கும் பெண்களோ பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. கழகத்துப் பஸ் நின்றால் அன்றைக்கு ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வர வேண்டும், அல்லது வராமல் இருக்க வேண்டும். மேற்கே நின்றால் காய் எடுப்பவருக்கு அடி. கிழக்கே நின்றால் காய் பொறுக்குபவருக்கு அடி. ஒரே ஏலக்காயின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் பெண்கள் என்பதைப் பேச்சுவார்த்தை மேஜைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஹர்த்தால் அறிவிப்புகளில் வழக்கமாக வரும் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், பெரும்பாலும் சபரிமலை பக்தர்கள். நியாயமான பட்டியல்தான். அறிவிப்பவர் மனதில் யார் யார் பயணிகளாக இருக்கிறார்கள் என்பதை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து விடியலில் ஏறி வந்து சாயங்காலம் இறங்கும் கூலியாள் அதில் ஒருபோதும் இல்லை. விலக்குக் கொடுங்கள் என்று கேட்கக்கூட நான் வரவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு விலக்கு என்றால் அப்புறம் ஹர்த்தால் எதற்கு என்று அவர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. அவருக்குத் தகவலாவது சேர வேண்டும் என்கிறேன். இப்போது அவருக்குத் தகவல் சேரும் வழி ஒன்றுதான்: மேலே தோட்டத்தில் இருப்பவர் மலையாளத்தில் கேட்டதைக் கங்காணிக்கோ ஜீப் டிரைவருக்கோ போனில் சொல்வது.

முன்னறிவிப்புக் கேட்பது போராட்டத்தின் பல்லைப் பிடுங்குவது அல்லவா என்பது வலுவான ஆட்சேபம். எதிர்பாராமல் நிற்பதில்தானே வேலைநிறுத்தத்தின் அடி இருக்கிறது? 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை இப்படி ஆட்சேபிப்பவர்கள் சுட்டலாம். நோட்டீஸ் கொடுத்து, மே 8 என்று தேதி குறித்து, ஊருக்கெல்லாம் சொல்லித் தயாரானார்கள். பலன், ஆறு நாள் முன்பே மே 2இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். முன்னறிவிப்பு பயணிக்கு மட்டும் அல்ல, அரசுக்கும் அவகாசம் தருகிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் அதே வரலாறு இன்னொன்றும் சொல்கிறது. தலைவர்கள் சிறையில் இருந்தும் அந்த வேலைநிறுத்தம் ஏறத்தாழ 20 நாள் நடந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அதைவிடப் பெரிதாகப் பேசப்படுவது அதிகம் இல்லை. பலம் ஆட்களின் ஒற்றுமையில் இருந்தது, ரகசியத்தில் இல்லை. 2018இல் போக்குவரத்து ஊழியர்கள் திடீரென்று நிறுத்தினார்கள். முதல் நாள் மாலையே தெருவில் நின்ற ஜனம் அவர்களைத்தான் திட்டியது, நிலுவை வைத்த கழகத்தை அல்ல. ஒரு வாரம் முன்பே, எங்கள் பணம் இன்ன காரணத்தால் வரவில்லை, அதனால் இன்ன தேதியில் வண்டி எடுக்க மாட்டோம் என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் எழுதி ஒட்டியிருந்தால் அந்தத் திட்டு வேறு முகவரிக்குப் போயிருக்கும்.

எதிர்த்திசையிலிருந்தும் ஆட்சேபம் வரும்: முன்னறிவிப்பு என்ன, தடையே போட்டுவிட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். 1997இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பந்த் சட்டவிரோதம் என்றது; உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு உறுதி செய்தது. பந்த் போயிற்று, அதே காரியம் ஹர்த்தால் என்று வந்தது. 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்தைத் திருத்தி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்றே தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பின் 2018, 2021, 2024. தடை வேலைநிறுத்தத்தை ஒழிப்பதில்லை. முன்கூட்டிச் சொல்லும் துணிவைத்தான் ஒழிக்கிறது. 2022 செப்டம்பர் 23இல் பாப்புலர் பிரண்ட் நடத்திய திடீர் ஹர்த்தாலுக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் சேதத்துக்காக 5.2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது சரியான பாதை என்று நினைக்கிறேன். தண்டனை நிறுத்தியதற்காக அல்ல, சொல்லாமல் நிறுத்தி உடைத்ததற்காக. அந்தப் பணத்தில் உடைந்த பஸ் கண்ணாடிக்குக் கணக்கு இருக்கிறது. போன நாள்கூலிக்குக் கணக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

எல்லோரிடமும் பைக் இருக்கிறது, போன் இருக்கிறது, இன்னும் எதற்கு இந்தக் கவலை என்போரும் உண்டு. பைக்கில் மழைநாளில் 17 வளைவு ஏறிப் போய் மாலையில் மூடுபனியில் இறங்குவது ஒரு ஆணுக்கே துணிச்சலான காரியம். ஜீப்பில் ஏறும் பெண்களில் பைக் ஓட்டுகிறவர் எத்தனை பேர்? தவிர, ஹர்த்தால் நாளில் மெட்டுக்கு அப்பால் கல் விழுந்தால் அது ஜீப்பா பைக்கா என்று பார்த்து விழாது. மாற்றுப் பாதையும் கிடையாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்றே வாசல்கள். மூன்றும் போய்ச் சேர்வது ஒரே மாவட்டத்தில். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலமாக இருக்கிறது. அது வந்தாலும் தூரம் குறையுமே தவிர, ஹர்த்தால் நாளில் நான்காவது பூட்டிய வாசலாகத்தான் இருக்கும்.

முன்னறிவிப்பும் இல்லாமல் முடிவுத் தேதியும் இல்லாமல் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இந்தச் சரிவுகள் 2011 டிசம்பரில் பார்த்துவிட்டன. அது வேலைநிறுத்தம் அல்ல. முல்லைப் பெரியாறு பதற்றம். எல்லைச் சாலைகள் அடைக்கப்பட்டன, வண்டிகள் தாக்கப்பட்டன, மேலே தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பாதைகளில் இறங்கி வந்தார்கள். அன்றைக்குத் திட்டமிட எதுவும் இருக்கவில்லை. தப்பி வருவது மட்டுமே இருந்தது. அதை ஹர்த்தாலோடு சமப்படுத்துவது பொய். ஆனால் மேலே ஏதோ பிரச்சினை என்று காலங்காலையில் ஒரு அரைகுறைச் செய்தி வரும்போது இந்த ஊர் ஏன் உடனே அஞ்சுகிறது என்பதற்கு அந்த நினைவு ஒரு காரணம். காரணமும் நேரமும் தெளிவாகச் சொன்ன நிறுத்தத்தில் அந்த அச்சம் இல்லை. வதந்திக்கும் வேலை குறைவு.

உலகத்தில் வேறு யாரும் இதைத் தீர்க்கவில்லையா? இத்தாலியில் 1990இல் வந்த சட்டப்படி பொதுப் போக்குவரத்தில் வேலைநிறுத்த உரிமை முழுதாக இருக்கிறது. ஆனால் குறைந்தது பத்து நாள் முன்பே சொல்ல வேண்டும், காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் நேரங்களில் குறிப்பிட்ட அளவு வண்டி ஓட வேண்டும். வரப்போகும் வேலைநிறுத்தங்களின் பட்டியலை யாரும் பார்த்துக்கொள்ளலாம். பிரான்சில் 2007 சட்டப்படி ஊழியர் 48 மணி நேரம் முன்பு தான் கலந்துகொள்வதைச் சொல்ல வேண்டும். நிர்வாகம் 24 மணி நேரம் முன்பு எந்த வண்டி ஓடும் என்று பயணிக்குச் சொல்ல வேண்டும். அந்த நாடுகளில் வேலைநிறுத்தம் குறைந்துவிட்டதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. நம்மிடமும் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பொதுப்பயன்பாட்டுச் சேவையில் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் நிறுத்தக் கூடாது என்றே வைத்திருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்திருக்கிறது. தொழிலாளரின் கையைக் கட்டுகிறது என்று சங்கங்கள் அதை எதிர்ப்பதில் காரணம் இருக்கிறது. என் குறை வேறு. அந்த நோட்டீஸ் நிர்வாகத்தின் மேஜைக்குப் போகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு வருவதில்லை. கட்சிகளின் ஹர்த்தாலுக்கோ இந்தச் சட்டமே பொருந்தாது. அங்கே உயர் நீதிமன்றத்தின் ஏழு நாள் உத்தரவு ஒன்றுதான் துணை.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கீழே வண்டி நிற்கும் என்றால் போடி, தேனி, கம்பம் பஸ் ஸ்டாண்டுகளில், எந்தத் தடம் ஓடும் எது ஓடாது என்று கழகமும், ஏன் நிறுத்துகிறோம் என்று சங்கமும் ஆளுக்கொரு தாள் ஒட்டலாம். மேலே இடுக்கியில் ஹர்த்தால் என்றால் அறிவிக்கும் கட்சி அதைத் தமிழில் அச்சடித்து முந்தலிலும் கம்பம்மெட்டு அடிவாரத்திலும் லோயர் கேம்பிலும் ஒரு வாரம் முன்பே ஒட்டலாம்; காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்றால் அந்த நேரத்தையும் போடலாம். தோட்டங்களில் வேலை செய்பவர் யார், எந்த மொழி பேசுகிறவர் என்பது இடுக்கியின் எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். அங்கே தேர்தல் வந்தால் தமிழிலும் நோட்டீஸ் போடுகிறார்கள். செலவு ஒரு ரீம் தாளும் ஒரு வாளிப் பசையும்தான். சுவரில் ஒட்டுவது எப்படி என்று இரண்டு மாநிலத்துக் கட்சிக்காரர்களுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.